நீல வட்டம்

மல்லிகைப் பந்தலில் பூப்பறிக்கும்போது சிவகாமியின் மணிக்கட்டில் ஏதோ கடித்தது. வீக்கம் பரவுகிறதா என்று பார்க்க, கணவர் தண்டபாணி அதைச் சுற்றிப் பேனாவால் நீல வட்டம் போட்டார். டாக்டரிடம் காட்டத் தோட்டத்தில் அகப்பட்டதையெல்லாம் தீப்பெட்டிகளில் அடைத்துச் சட்டைப்பையில் போட்டுவந்தார். ஒன்றைத் திறந்து கட்டெறும்பைக் காட்டி, “இதுவா?” என்றார். “இல்லீங்க.” அடுத்ததில் கம்பளிப்பூச்சி. “இது?” “நான் எங்கீங்க பாத்தேன்? சுருக்குனு இருந்துச்சு, அவ்வளவுதான்.” வீக்கம் வட்டத்தைத் தாண்டியிருந்தது. அவர் இன்னும் பெரிதாக ஒன்று வரைந்தார். நடுவில் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டதில் கோடு கோணியது.

கடைசித் தீப்பெட்டி பாதி திறந்திருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. அதில் எதைப் பிடித்துப் போட்டார் என்று அவருக்கு நினைவில்லை.

“கொஞ்சம் திரும்புங்க” என்ற சிவகாமி, பேனாவை வாங்கி அவருடைய பின்கழுத்தில் மெதுவாக ஒரு வட்டம் போட்டாள்.