நாலு சதவீதம் பிறந்த கதை

"சர்க்கரை கிலோ என்ன விலைண்ணே?"

கேட்ட பெண்ணின் கழுத்தில் அடையாள அட்டை, முதுகு காட்டித் தொங்கியது. கையில் கிளிப் மாட்டிய அட்டை, அதில் கட்டம் போட்ட தாள், அதன்மேல் எழுதத் தயாராகப் பேனா.

மளிகைக் கடைக்காரர் அந்த அட்டையையும் பேனாவையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் பக்கத்துத் தையற்கடை அக்கா செய்தித்தாளை விரித்து அவரை வறுத்தெடுத்திருந்தார்.

"வெலவாசி நாலு சதவீதம்தான் ஏறியிருக்குன்னு அரசாங்கம் சொல்லுது தம்பி. உன் கடையில மட்டும் எண்ணெய் ஒரே மாசத்துல நாப்பது ஏறுதே, அது எந்தக் கணக்கு?"

"அந்தக் கணக்கு எடுக்கிறவங்க இங்க வரட்டும்க்கா. மூஞ்சிக்கு நேரா சொல்றேன்!"

இதோ, வந்தே விட்டார்கள். அளவுக்கு மீறி விலை ஏற்றிய பின்தெருக் கடைக்கு நோட்டீஸ் வந்தது வேறு இந்த நேரம் பார்த்து நினைவுக்கு வந்து தொலைத்தது.

"சர்க்கரை நாப்பதுங்க மேடம்." பின்னால் தொங்கிய 'ஐம்பது' என்ற பலகையை முதுகால் மறைத்துக்கொண்டார்.

"எண்ணெய்?"

"லிட்டர் நூத்தி நாப்பது. போன மாசமும் இதேதாங்க. இல்லாதப்பட்டவங்க வர்ற கடை, ஏத்த மனசு வராது."

இன்னும் அங்கேயே நின்ற அக்காவின் கையிலிருந்த எண்ணெய்ப் பாக்கெட் நழுவப் பார்த்தது. அதற்குச் சற்றுமுன்தான் நூற்றெண்பது அழுதிருந்தார்.

அந்தப் பெண் பருப்பு மூட்டைக்குள் கைவிட்டு, ஒன்றை எடுத்துக் கடித்துப் பார்த்தாள். "இது சீக்கிரம் வேகுமாண்ணே?"

அரசாங்கம் இவ்வளவு நுணுக்கமாகவா பார்க்கிறது என்று வியந்துபோன கடைக்காரர், அந்த வியப்பிலேயே பருப்பு விலையிலும் பத்தைக் குறைத்தார். "வெண்ணெயா வெந்துரும் மேடம். தொண்ணூறுதான்."

அரிசி இறங்கியது. வெங்காயம் அதைவிட இறங்கியது. எல்லாம் ஒன்றுவிடாமல் தாளில் ஏறியது.

அக்கா அவர் காதருகே குனிந்தார். "அந்த நாலு சதவீதம் எங்கேருந்து பொறக்குதுன்னு இப்பத்தான் தம்பி புரியுது."

'காட்டிக் கொடுத்துராதீங்க' என்று கண்ணாலேயே கும்பிட்டார் கடைக்காரர். பிறகு அந்தப் பெண்ணிடம் குழைந்தார். "குளிர்ச்சியா ஏதாவது குடிக்கிறீங்களா மேடம்? வெயில்ல அலையறீங்க."

"அதெல்லாம் வேணாம்ணே. வேலை முடிஞ்சிருச்சு."

அவள் பேனாவை மூடினாள். கடைக்காரர் பெருமூச்சு விட்டார். தாளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை படித்தவளின் முகம் அப்படியே மலர்ந்தது.

"அஞ்சு கடை ஏறி எறங்கிட்டேன், உங்க கடைதாண்ணே மலிவு... எல்லாத்துலயும் மூணு மூணு போடுங்க!"