எல்லாம் சரி

“இருபத்தாறு கேள்விம்மா. ஒண்ணைக்கூடத் திறந்து பாக்காம, நேரா அடியில இருக்கிற பச்சைய அழுத்திட்டாரு உங்க பையன்.”

சொல்லிவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். கிடங்கின் சரக்கு லிஃப்டைத் தினமும் சோதித்துப் பதிவு செய்வதற்கான அந்த மொபைல் ஆப்பை வடிவமைத்தவன் அவன்தான். ‘எல்லாம் சரி’ என்கிற பச்சைப் பட்டனும் அவன் கைவண்ணமே. இருபத்தாறு தடவை அழுத்திக்கொண்டிருக்க யாருக்கு நேரம் என்று மேனேஜர் சலித்துக்கொண்டார். இவனும் மறுபேச்சில்லாமல் வைத்துக் கொடுத்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாவுக்கு அழுது அழுது தொண்டை கட்டிப்போயிருந்தது.

“என் பையன் பாக்காம அழுத்தமாட்டான் தம்பி. கேஸை மூடினோமான்னு படுத்தப்புறம் மூணு தடவ எந்திரிச்சுப் போய்ப் பாக்கிறவன் அவன்.”

“பதிவு இருக்கேம்மா. எட்டு மணி ஒரு நிமிஷத்துக்கு அழுத்தியிருக்கு. பச்சை விழுந்தாத்தான் லிஃப்டுக்குக் கரண்டே போகும். முதல்ல லிஃப்டுக்கு அடியில இருக்கிற குழிக்குள்ள இறங்கிப் பாத்துட்டு, மேல வந்து அழுத்தணும். இவரு அழுத்திட்டு அப்புறமா இறங்கியிருக்காரு. மேல இருந்தவங்க பச்சையைப் பாத்துட்டு, சரக்கை ஏத்திக் கீழ அனுப்பிட்டாங்க.”

நடந்து பதினாறு நாளாகிறது. லிஃப்டுக்கு சீல் வைத்தார்கள். விசாரணைக்கென்று மூன்று பேர் வந்து டீ குடித்தார்கள், ஆப்பின் பதிவை ஒரு தாளில் எடுத்துக்கொண்டார்கள், ‘சோதனையாளரின் கவனக்குறைவு’ என்று எழுதிவிட்டுக் கிளம்பினார்கள். செத்தவன் எழுந்து வந்து எதிர்த்துப் பேசப் போவதில்லை; எல்லோருக்கும் எவ்வளவு வசதி!

“அந்த ரெண்டு வார்த்தைய மட்டும் எடுத்துடச் சொல்லுங்க தம்பி. ஆளுதான் போயிட்டான். பேராவது நல்லபடியா இருக்கட்டும்.”

அதற்காகத்தான் அவனும் ஆபீசில் யாருக்கும் சொல்லாமல் விடிந்ததும் விடியாததுமாக இங்கே வந்திருந்தான். ஆப் தானாகவே பச்சை காட்டியிருந்தால்? தப்பு தன்னுடையது என்று எழுதிக் கொடுத்துவிடத் தயாராக இருந்தான். வேலை போனால் போகிறது, கண்ணை மூடினால் தூக்கமாவது வரும்.

“அவரோட ஃபோன் இருக்காம்மா? அதைப் பாத்தா ஏதாவது தெரியலாம்.”

கிடங்கிலிருந்து கொடுத்தனுப்பிய பை, சுவரோரம் வாய் திறந்து கிடந்தது. ஹெல்மெட், டார்ச், ஷூ, கழுவாத சாப்பாட்டு டப்பா. அம்மா அந்தப் பக்கம் திரும்பாமல் எழுந்து போய், ஃப்ரிட்ஜ் மேலிருந்து ஃபோனை எடுத்து வந்தார்.

“அன்னிலேர்ந்து ஆஃப் ஆகியே கிடக்கு. சார்ஜ் இருக்காது.”

சார்ஜரில் செருகிவிட்டு இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரை வெளிச்சமானதும் அம்மாவின் முகத்திலும் ஒரு சின்ன ஆசை எட்டிப் பார்த்தது. அதைப் பார்க்க அவனுக்குப் பயமாக இருந்தது.

வரிவரியாகத் தேடினான். கடிகாரம் சரி. ஆப் சரி. எங்கேயும் எதுவும் குழம்பவில்லை. விரல் பட்டுத்தான் பச்சை விழுந்திருக்கிறது. தன் வேலையில் ஒரு தப்பாவது இருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அவன் ஏங்கினான்.

“ஆப்ல தப்பு இல்லம்மா. என்னை மன்னிச்சிடுங்க. அந்த ரெண்டு வார்த்தைய இனிமே யாராலயும் எடுக்க முடியாது.”

அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டார். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது.

அப்போது மணி எட்டு. ஃபோன் வீடே அதிரும்படி கத்தத் தொடங்கியது. சோதனைக்கு நேரமாகிவிட்டது என்கிற அலாரம், பச்சையை அழுத்தும்வரை அடங்காது. ஆள் போயும் ஆப்பின் பட்டியலிலிருந்து இன்னும் பேர் போகவில்லை. அவனுக்கு அந்தத் திரையைத் தொடவே மனம் வரவில்லை.

அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து, பச்சையை ஒரு விரலால் தொட்டார். சத்தம் சட்டென்று நின்றது.

“ஃபோனை இங்கயே மறந்து வச்சிட்டுப் போயிட்டானேன்னு, அன்னிக்கும் நான்தான் தம்பி அமுக்கி நிறுத்தினேன்.”