பதினோராவது புழு

ஆற்று நீர் தெளிந்துவிட்டது. பூச்சிமருந்து சேற்றிலேயே தங்கிவிட்டது. அந்தச் சேற்றை ஜாடிகளில் நிரப்பி, ஒவ்வொன்றிலும் பத்துப் பூச்சிப்புழுக்களை விட்டு, பத்தாம் நாள் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணுவது ஆய்வுக்கூடக்காரரின் வேலை.

உடன் வேலை பார்த்த மனைவி எப்போதும் ஒன்று கூடுதலாக விடுவாள்.

"துணைக்கு இருக்கட்டுமேங்க."

"பத்துன்னா பத்துதான். என் மானத்த வாங்காதே!"

அவள் இறந்து இரண்டு வருடமாகிறது.

இன்று எல்லா ஜாடிகளிலும் புழுக்கள் செத்திருந்தன. கடைசி ஜாடியில் மட்டும் பதினொன்று உயிரோடு நெளிந்தன.

"சார், விடும்போதே ஒண்ணு கூடப் போட்டிருக்கீங்க. கண்ணாடிய மாத்துங்க" என்று சிரித்தாள் உதவிக்கு இருந்த பெண்.

"முப்பது வருஷமா என் கணக்கு பிசகினதில்லம்மா."

எண்ணிக்கை பிசகிய ஜாடியைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. அவர் கொட்டவில்லை. புதிய ஜாடி ஒன்றில் ஒன்பது புழுக்களை மட்டும் விட்டு, மூடாமல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.