நாலாவது இடம்

சாயங்கால வெயில் பீங்கான் பட்டறையின் தகரக் கூரை ஓட்டைகள் வழியாக இறங்கிக்கொண்டிருக்கிறது. வேலை முடிந்தும் இருவரும் கிளம்பவில்லை. காயாத பொம்மை ஒன்றின் மேல் சாய்த்து வைத்த வெண்மதியின் செல்போனில் கிரிக்கெட், கடைசி ஓவர். இதில் ஜெயித்தால்தான் அவர்கள் அணிக்கு நாலாவது இடம், அடுத்த சுற்று. இல்லையென்றால் அடுத்த வருஷம்தான். களிமண் அப்பிய கையைக் கழுவக்கூட மறந்து குனிந்திருக்கிறாள் திரௌபதி. அவள் சின்ன வயதில் தெருவுக்கே ஒரு டிவி. மேட்சானாலும் ஞாயிற்றுக்கிழமைப் படமானாலும் அவள் அண்ணன்தான் மாடியில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்பான். கீழே எழும் கூச்சலைக் கேட்டே எல்லா ஆட்டத்தையும் பார்த்தவன் அவன். பந்து உயரே கிளம்புகிறது. படம் அப்படியே நின்றுவிடுகிறது. "நெட்டு போயிடுச்சுக்கா," என்கிறாள் வெண்மதி. திரௌபதி சட்டென்று கூரையை அண்ணாந்து பார்த்து, "அண்ணே, லேசா திருப்பு!" என்று குரல் கொடுக்கிறாள். போன மாதம் அவனுடைய கருமாதிக்கு வந்திருந்த வெண்மதி சிரிக்காமல் தானும் கூரையைப் பார்க்கிறாள்.