லிஃப்ட் எண் மூன்று

நிறுவனத்தின் பயிற்சிச் சான்றிதழ்களை மங்கையர்க்கரசிதான் நிர்வகித்தாள். பட்டியலிலிருந்து ஒரு பயிற்சியை அவள் நீக்கினால், அதைக் கற்றவர்களின் தலையிலிருந்தும் அது மறைந்துவிடும். அன்று காலை புதிய பயிற்சி ஒன்றுக்கு இடம் வேண்டிப் பழைய லிஃப்ட் பழுதுபார்ப்பை நீக்கியிருந்தாள்.

மதியம் டெக்னீஷியன் இருதயராஜ் அழைத்தார்.

"மேடம், ஆஸ்பத்திரில மூணாம் நம்பர் லிஃப்ட் பாதியில நிக்குது. உள்ள ஒரு பேஷண்ட். ஆக்ஸிஜன் சிலிண்டர் இன்னும் பத்து நிமிஷந்தான் தாங்குமாம். ஸ்பேனர் கையில இருக்கு, எதைத் திருப்பணும்னு தெரியலியே!"

அவசரமாகத் திரும்பச் சேர்க்கப் பார்த்தாள். பட்டியலில் காலியிடம் இல்லை, ஒன்றை நீக்கினால்தான் சேர்க்கலாம் என்றது திரை. வேறெதை நீக்கினாலும் எங்கோ இன்னொருவரின் கை பாதி வேலையில் நின்றுபோகும். அவள் ஒருத்தி மட்டும் கற்ற பயிற்சி ஒன்றிருந்தது: பயிற்சி நிர்வாகம்.

"அண்ணா, லைன்லயே இருங்க."

அதைக் கொடுத்து லிஃப்ட் பழுதுபார்ப்பை மீட்கும் பொத்தானை அழுத்தினாள்.

ஐந்தாவது நிமிடம் ஃபோனில் கதவு இழுபடும் சத்தம் கேட்டது. "வெளிய எடுத்தாச்சு மேடம், மூச்சு இருக்கு!"

அவள் மேசையில் சாய்ந்து அழுதாள். மேலாளர் எட்டிப்பார்த்தார்.

"நாளைக்கு எந்தெந்தப் பயிற்சியைத் தூக்கலாம்மா?"

திரையைப் பார்த்தாள். ஒரு வரிகூடப் புரியவில்லை.

"எனக்குத் தெரியாது சார்," என்றாள், நிம்மதியாக.