காணாமல் போன கல்லொட்டிகள்

"ஆண்டியப்பன்தான் எடுத்திருக்கான். வேற யாரு?" என்றேன்.

நிரோஜினி டீச்சர் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். கையில் வெறும் வலைக்கூடு.

பாறையோடு ஒட்டிக்கொண்டு வாழுமே, அந்தக் கல்லொட்டி மீன் எங்கள் ஆற்றில் இருபது வருஷமாக இல்லை. டீச்சர்தான் ஆள் சேர்த்துக் குப்பை அள்ளி, கரையில் மூங்கில் நட்டு, கீழாற்றிலிருந்து நாற்பது மீன் கொண்டுவந்து கூட்டில் பழக்கினார். இன்று காலை திறந்துவிட வேண்டும். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் அத்தனையும் கரையில் திரண்டு நின்றன. காவலுக்குப் பொறுப்பு நான்; நேற்று சாயங்காலம் மட்டும் கொஞ்ச நேரம் என் காய்கறித் தோட்டத்து வேலையாகப் போயிருந்தேன்.

"சும்மா ஒருத்தர் மேல பழி போடாதீங்க மாமா."

"பழியா? என் கோழிக்கூட்ட எடுக்கச் சொல்லி எஸ்டேட் தொரகிட்ட பெட்டிசன் போட்டவன் டீச்சர் அவன். பதினொரு வருஷமா நான் அவன்கூட பேசுறதில்ல. நேத்தே பொரிச்சுத் தின்னுருப்பான்."

லயத்து நாகலெட்சுமி வெறுங்குடத்தோடு வந்தாள்.

"விடிஞ்சதிலேருந்து நாம தண்ணி புடிக்கிற பீலியில சொட்டுத் தண்ணி இல்ல. யாரோ பைப்ப மாட்டி இழுத்திருக்காங்க!"

பைப்பைப் பிடித்துக்கொண்டே போனோம். அது ஆண்டியப்பன் வாசலில் இருந்த நீலப் பீப்பாய்க்குள் இறங்கியது. எட்டிப் பார்த்தேன். உள்ளே மீன்!

"பாத்தீங்களா? கையும் களவுமா மாட்டிக்கிட்டான்!"

ஆண்டியப்பன் என் பக்கம் திரும்பவே இல்லை. டீச்சரிடம் சொன்னான்.

"நேத்து சாயங்காலம் கால் கழுவ எறங்குனேன் டீச்சர். தண்ணியில பூச்சி மருந்து வாடை. மேல யாரோ மருந்தடிக்கிற டாங்கிய ஆத்துல கழுவியிருக்காங்க. ஒங்களுக்குப் போன் போட்டேன், போகல. வாளியில அள்ளிக்கிட்டு ஓடியாந்துட்டேன். ஓடுற தண்ணியில்லாட்டி செத்துரும்ல, அதான் பீலிய இழுத்தேன்."

"காவக்காரருகிட்ட சொல்லியிருக்கலாமே?" என்றாள் நாகலெட்சுமி.

"அவருதான் எங்ககூட பேசமாட்டாரே!" என்றாள் ஆண்டியப்பன் மனைவி வேலாயி.

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சர் எண்ணிப் பார்த்தார். நாற்பதும் உயிரோடு இருந்தன.

"அப்ப எங்க வீட்டு தேத்தண்ணிக்கு இந்த மீனுங்களதான் கேக்கணுமா?" என்று நாகலெட்சுமி குடத்தைத் தட்ட, மறுபடியும் சிரிப்பு.

பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஆற்றுக்கு ஊர்வலமாகப் போனோம். யாரோ தப்பு மேளம் அடித்தார்கள். டீச்சர் தண்ணீரை அள்ளி முகர்ந்தார். வாடை போயிருந்தது. மீன்களை விட்டதும் ஒவ்வொன்றும் ஒரு கல்லைத் தேடிப் போய் ஒட்டிக்கொண்டது. கரை முழுக்கக் கைதட்டல்.

"மேல டாங்கி கழுவுனது யாருன்னு பாத்தீங்களா மாமா?" டீச்சர் ஆண்டியப்பனைக் கேட்டார்.

"பாக்கல டீச்சர். ஆனா இனிமே கழுவ மாட்டாங்க."

மீன்கூடு இருந்த இடத்துக்கு மேலே ஆற்றோரமாக இருப்பது ஒரே ஒரு காய்கறித் தோட்டம், லீக்ஸ் போட்டது. அது என்னுடையது.