கடைசி யாரு?

சனிக்கிழமை காலை. சந்தை மீன்கடைக்குள் நுழைந்த டோன்யா காசில்டா, முதுகை நிமிர்த்திக்கொண்டு எப்போதும்போல் கேட்டாள்: "கடைசி யாரு?"

அந்த ஊரில் யாரும் வரிசை கட்டி நிற்பதில்லை. கடைசியாக வந்தவர் பதில் சொல்வார். அவருக்கு அடுத்தது, கேள்வி கேட்டவரின் முறை.

"நான்தாங்க" என்றார் ஒரு கிழவர்.

காசில்டா சுற்றிலும் பார்த்தாள். சனிக்கிழமைகளில் அவளுக்குப் பதில் சொல்பவள் பச்சைக் கோட்டுக்காரி. அந்த ஒரு வார்த்தையோடு சரி. அவளை இன்று காணவில்லை.

முறை வந்தது.

"என்ன போடட்டும், ராணி?" என்றான், வருகிற பெண்களையெல்லாம் ராணி என்றே அழைக்கும் மீன்கார எவுலோகியோ.

"மத்தி அரைக் கிலோ. பெருசா பாத்துப் போடு." பிறகு, பட்டும் படாமலும் கேட்டாள். "அந்தப் பச்சைக் கோட்டு வரலியா?"

"அவ புருஷனோட ஜெர்மனிக்குப் போயிட்டா, ராணி. இனிமே வரமாட்டா. விசித்திரமான பொண்ணு. கடை திறந்ததுமே வந்துடுவா. 'நீங்க வாங்குங்க, நீங்க வாங்குங்க'ன்னு எல்லாரையும் முன்னால விட்டுட்டு நிப்பா. நீங்க வந்து கேட்டப்புறம்தான் மீனே வாங்குவா. உங்களுக்குத் தெரிஞ்சவளா?"

"கடையில பாத்ததோட சரி."

பொட்டலத்தோடு தெருவுக்கு வந்த பிறகுதான் காசில்டாவின் முதுகு வளைந்தது.

குடும்பத்தின் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகளை, 'இனி இந்த வீட்டுப் படி ஏறாதே' என்று அனுப்பியவள் அவள்தான். அதன் பிறகு அந்தக் குரலைக் கேட்க அவளுக்கு இருந்தது அந்த ஒரு கேள்வி மட்டுமே.